டாரட் கணிப்பை எண்ணால் எழுதிப் பார்ப்பது எப்படி?

குறி சொல்லப் பயன்படும் டாரட் கார்டுகளின் பொருளைச் சொல்லித்தரும் பாடங்கள் இப்போது தமிழிலேயே ஏராளமாகக் கிடைக்கின்றன. சொன்ன பலன்களில் எத்தனை நடந்தன, எத்தனை நடக்கவில்லை, நடந்தவையும் தற்செயலாகவே நடந்திருக்கக் கூடியவைதாமா என்று கணக்கு வைக்கச் சொல்லித்தருபவர்கள் மிகக் குறைவு. இக்கட்டுரை அந்தக் கணக்குக்கானது. ஒரு சீட்டுக்கட்டு, கோடு போட்ட ஒரு நோட்டு, பத்தாம் வகுப்பில் படித்த நிகழ்தகவு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். டாரட்டில் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் இதே முறையைப் பின்பற்றலாம். இருவருக்கும் நோட்டு ஒன்றுதான்.

முதலில் கட்டை எண்ணிக்கொள்ளுங்கள்

டாரட் குறி சொல்வதற்காகப் பிறந்ததன்று. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ‘தரோக்கி’ என்ற சீட்டாட்டத்துக்காக உருவான கட்டு அது. அதை வைத்துப் பலன் சொல்லும் வழக்கம் பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. இன்று கிடைக்கும் கட்டுகளில் பல, 1909-இல் லண்டனில் ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டின் வழிவந்தவை. சீட்டையும் பகடையையும் குறித்த யோசனையிலிருந்துதான் நிகழ்தகவுக் கணக்கும் தொடங்கியது. 16-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய மருத்துவர் ஜெரோலாமோ கார்டானோ ஜாதகமும் கணித்தார். சூதாட்டத்தில் பகடை விழும் வாய்ப்புகளையும் கணக்கிட்டு எழுதிவைத்தார். இவ்விரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்க முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கட்டில் மொத்தம் 78 கார்டுகள். அவற்றில் 22 மேஜர் அர்கானா (‘டெத்’, ‘டவர்’ போன்ற தனிப் பெயர் கொண்டவை), மீதி 56 மைனர் அர்கானா. மைனரில் வாண்ட்ஸ், கப்ஸ், சோர்ட்ஸ், பென்டகிள்ஸ் என நான்கு வகைகள், வகைக்கு 14 கார்டுகள். கார்டின் பொருளை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்த எண்களைக் கொண்டு சில வாய்ப்புகளை நீங்களே கணக்கிட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்று கார்டு எடுக்கும்போது நீங்கள் நினைத்த ஒரு குறிப்பிட்ட கார்டு அவற்றில் இருக்கும் வாய்ப்பு 78-இல் 3, அதாவது 26-இல் 1. ஒரு கேள்விக்காக எடுத்து அடுக்கி வைக்கும் கார்டுகளை விரிப்பு என்பார்கள்; பத்துக் கார்டுகள் கொண்ட ‘கெல்டிக் கிராஸ்’ விரிப்பில் ‘டெத்’ கார்டு வந்துவிடும் வாய்ப்பு 78-இல் 10, ஏறத்தாழ எட்டில் ஒன்று. புதியவர்கள் அஞ்சுகிற ‘டெத்’, ‘டவர்’, ‘டெவில்’ ஆகிய மூன்றில் ஒன்றாவது அந்தப் பத்துக்குள் விழும் வாய்ப்பு 34 சதவீதம். விரித்துப் பார்ப்பவர்களில் மூன்றில் ஒருவர் முகம் வாடித்தான் எழுந்திருப்பார். அதற்கு அவருடைய வாழ்க்கையில் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை.

மூன்று கார்டும் மேஜராகவே வந்தால் விதியே நேரில் பேசுகிறது என்று சொல்வார்கள். அது 49 விரிப்புக்கு ஒரு முறை தானாக நடக்கும். மாதத்துக்கு ஐம்பது விரிப்புப் போடுபவர் சராசரியாக மாதம் ஒரு முறை விதியைச் சந்தித்தாக வேண்டும். தினம் ஒரு கார்டு எடுப்பவர்கள் ‘இந்தக் கார்டு என்னைத் துரத்துகிறது’ என்று சொல்வதற்கும் இதே போன்ற விளக்கம் உண்டு. எடுத்த கார்டை மறுபடி கட்டில் சேர்த்துக் கலைத்து தினம் ஒன்று எடுத்தால், ஏழு நாளில் ஏதேனும் ஒரு கார்டு திரும்ப வரும் வாய்ப்பு 24 சதவீதம். பதினோரு நாளில் அது பாதியைத் தாண்டிவிடும். ஒரு மாதத்தில் எந்தக் கார்டும் திரும்ப வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

இக்கணக்குகள் எல்லாம் கட்டு நன்றாகக் கலைந்திருந்தால் மட்டுமே செல்லும். புதுக் கட்டு பெரும்பாலும் வரிசையாக அடுக்கப்பட்டு வருகிறது. கையில் வைத்துக் கொத்துக் கொத்தாக மாற்றிப் போடுவதால் அந்த வரிசை எளிதில் உடையாது. பக்கத்தில் பக்கத்தில் இருந்த கார்டுகள் சேர்ந்தே நகரும். கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டு ஒன்றுக்குள் ஒன்று புகுத்துகிற முறையில் 52 சீட்டுக் கட்டுக்கு ஏழு முறை வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992-இல் காட்டினார்கள். 78 கார்டுகளுக்கு எட்டு அல்லது ஒன்பது முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். டாரட் கார்டு பெரியது, அப்படிக் கலைக்கக் கை வராது என்பவர்கள் மேசைமேல் முழுக்கட்டையும் கவிழ்த்துப் பரப்பி ஒரு நிமிடம் நன்றாகத் துழாவலாம். தலைகீழ்க் கார்டுகளுக்கும் பொருள் கொள்பவர்களுக்கு இந்த இரண்டாவது முறையே பொருந்தும், ஏனெனில் கார்டுகளை எங்குமே திருப்பாமல் கலைத்துவிட்டுத் தலைகீழாக வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று கணக்கிடுவது பொய்க் கணக்கு.

நிச்சயமின்மை மூன்று இடங்களில் இருக்கிறது

புதியவர்கள் இங்குதான் தடுமாறுகிறார்கள். எந்தக் கார்டு வரும் என்பது தெரியாது. வந்த கார்டுக்கு இந்தச் சூழலில் என்ன பொருள் என்பதும் உறுதியில்லை. கேட்ட காரியம் நடக்குமா என்பதோ இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட வேறொன்று. முதலாவதை மேலே செய்ததுபோல் துல்லியமாகக் கணக்கிடலாம். இரண்டாவது கார்டு பார்ப்பவரின் பழக்கத்தையும் மனநிலையையும் பொறுத்தது; அதே கார்டுக்கு அடுத்த வாரம் அவரே வேறு பொருள் சொல்லலாம். மூன்றாவதுதான் கேட்பவர் உண்மையில் அறிய விரும்புவது. ‘26-இல் ஒன்று மட்டுமே வாய்ப்புள்ள கார்டு வந்திருக்கிறதே, அப்படியானால் இது நடக்கத்தானே போகிறது’ என்று சொல்பவர், முதலாவதன் எண்ணை எடுத்து மூன்றாவதன் தலையில் வைக்கிறார். எந்தக் கார்டு வந்திருந்தாலும் அதற்கும் அதே 26-இல் ஒன்றுதான்.

கேள்வியைத் தேதியோடு எழுதுங்கள்

‘எனக்கு நல்ல காலம் எப்போது பிறக்கும்?’ என்ற கேள்விக்குச் சொல்லப்படும் பதிலைச் சரிபார்க்க வழியே இல்லை. கேள்வியை, ஆம் அல்லது இல்லை என்று மூன்றாம் மனிதர் ஒருவர் தீர்ப்புச் சொல்லக்கூடிய வடிவத்தில், கடைசித் தேதியோடு எழுத வேண்டும். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பவர்கள் சிவப்புப் பூ வந்தால் இது, வெள்ளைப் பூ வந்தால் அது என்று பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் டாரட் பார்ப்பவர்களைவிட அவர்கள் கறாரானவர்கள்.

பதிலையும் சொல்லால் எழுதாமல் சதவீதமாக எழுதுங்கள். ‘வாய்ப்பு இருக்கிறது’ என்ற சொல் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி உண்டு. 1951-இல், யுகோஸ்லாவியா தாக்கப்படுவதற்கு ‘கணிசமான வாய்ப்பு’ இருப்பதாக அமெரிக்க உளவுத்துறை அறிக்கை ஒன்று கூறியது. அதைத் தயாரித்தவர்களுள் ஒருவரான ஷெர்மன் கென்ட் பிறகு தம் சகாக்களிடம் அச்சொல்லால் அவர்கள் மனத்தில் கொண்ட விகிதம் என்ன என்று விசாரித்தபோது, ஒருவர் நூற்றுக்கு இருபது என்ற அளவிலும் இன்னொருவர் நூற்றுக்கு எண்பது என்ற அளவிலும் நினைத்திருந்தது தெரியவந்தது. ஒரே வாக்கியத்துக்குச் சேர்ந்து கையெழுத்திட்டவர்களின் நிலையே இது. ‘விரைவில் நல்ல செய்தி’ என்று கார்டு பார்த்துச் சொல்வதைக் கேட்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கார்டைத் தொடுவதற்கு முன் ஓர் எண்

இக்கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள்: கட்டைக் கையில் எடுப்பதற்கு முன், அந்தக் காரியம் நடக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று உங்களுக்குத் தோன்றும் எண்ணை எழுதுங்கள். வெறும் மனத்தோற்றத்தால் எழுதாமல், இதுபோன்ற நிலையில் இருந்தவர்களில் பொதுவாக எத்தனை பேருக்கு நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

என் நோட்டிலிருந்தே ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். என் சித்தி மகன் ஒரு தனியார் நிறுவனத்தில் கடைசிச் சுற்று நேர்முகத் தேர்வை முடித்துவிட்டு வந்து, கார்டு பார்க்கச் சொன்னான். கடைசிச் சுற்றுக்கு ஐந்து பேர் அழைக்கப்பட்டிருந்தார்கள், இடங்கள் இரண்டு. ‘ஆஃபர் லெட்டர், மின்னஞ்சலிலோ தபாலிலோ, மார்ச் 31 இரவு 12 மணிக்குள் வந்து சேருமா?’ என்று கேள்வியை எழுதினேன். ஐந்துக்கு இரண்டு என்பதால், கேள்விக்குப் பக்கத்தில் போட்ட கட்டங்களில் முதலாவதில் 40 சதவீதம் என்று எழுதினேன். ‘அக்கா, வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க’ என்று அவன் அலுத்துக்கொண்டான்.

நிலவரம், தடை, விளைவு என்று மூன்று கார்டுகள். நிலவரத்துக்கு ‘எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ்’: பட்டறைப் பலகையில் உட்கார்ந்து ஒருவன் நாணயம் செதுக்குகிறான். தடைக்கு ‘ஃபைவ் ஆஃப் கப்ஸ்’: கருப்புப் போர்வை போர்த்த உருவத்தின் முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன, முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. விளைவுக்கு ‘தி ஸ்டார்’. ஐந்து பேரில் இருவருக்கு இடம், ஐந்து கோப்பைகளில் இரண்டு நிற்கின்றன! சித்தி மகன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். எனக்கும் ஒரு கணம் சிலிர்த்தது. பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஐந்து என்ற எண்ணுள்ள கார்டுகள் மேஜரையும் சேர்த்து ஐந்து, இரண்டு என்ற எண்ணுள்ளவையும் ஐந்து. மூன்று கார்டுகளில் இவற்றுள் ஒன்றாவது வரும் வாய்ப்பு 34 சதவீதம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்கு அவ்வளவு பெரிய காக்கை தேவைப்படவில்லை.

‘ஸ்டார்’ நம்பிக்கைக்குரிய கார்டு என்பதால் கார்டுகளின் பொருளை மட்டும் வைத்து இரண்டாவது கட்டத்தில் 65 என்று எழுதினேன். மூன்றாவதாக ஒரு கட்டம் போடும் பழக்கமும் எனக்கு உண்டு. அதற்கு ‘கார்டு நினைவூட்டியது’ என்று தலைப்பு. பட்டறைக்காரன் படத்தைப் பார்த்ததும், முன்பு வேலை செய்த இடத்தில் அனுபவச் சான்றிதழை வாங்கிவிட்டாயா என்று கேட்கத் தோன்றியது. வாங்கவில்லை, புது நிறுவனமோ அதைக் கேட்டிருந்தது. சான்றிதழ் சேராமல் கடிதம் வராது என்று இருவருக்கும் புரிந்ததால் மூன்றாவது கட்டத்தில் 30 என்று எழுதினேன். இந்த மாற்றம் நியாயமானது, ஆனால் அதற்குக் காரணம் சான்றிதழ் பற்றிய செய்தி. அதே கேள்வியை அவனுடைய அம்மா கேட்டிருந்தாலும் எண் இறங்கியிருக்கும். கார்டு சொன்னதையும் கார்டு நினைவூட்டியதையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கலந்துவிட்டால், பிற்பாடு எது உதவியது என்று பிரித்தறிய முடியாது.

ஏன் இரண்டாவது கட்டத்தை நான் சந்தேகிக்கிறேன் என்பதையும் கணக்காகவே சொல்லிவிடலாம். 40 சதவீத வாய்ப்புள்ள கேள்விகள் 2,600 இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1,040 நடக்கும், 1,560 நடக்காது. கார்டு விழுவதற்கும் காரியம் நடப்பதற்கும் தொடர்பு இல்லையென்றால், ‘ஸ்டார்’ இரு பக்கத்திலும் 26-க்கு ஒன்று வீதம் வரும். நடந்தவற்றில் 40 முறை, நடக்காதவற்றில் 60 முறை. ஆக, ‘ஸ்டார்’ வந்த நூறு கேள்விகளை மட்டும் பிரித்தெடுத்தாலும் நடந்தவை 40-தான். 40 என்பதை 65 ஆக்க வேண்டுமானால், நடக்கப்போகும் காரியங்களுக்கு ‘ஸ்டார்’ அதிகமாக விழுகிறது என்பதை யாரேனும் காட்ட வேண்டும். புதிதாக ஒன்று தெரியவரும்போது வாய்ப்பை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று சொல்லும் பேயஸ் தேற்றத்தின் எளிய வடிவம் இது.

மதிப்பெண் போடும் முறை

அமெரிக்க வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர், மழை முன்னறிவிப்புகளைச் சரிபார்க்க 1950-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். இன்று அது பிரையர் மதிப்பெண் எனப்படுகிறது. ஆம்/இல்லை கேள்விக்கு அதன் எளிய வடிவம் இது: நடந்தால் 1, நடக்காவிட்டால் 0, அதிலிருந்து நீங்கள் எழுதிய எண்ணைக் கழித்து வர்க்கம் எடுங்கள். குறைவாக இருந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் ஐம்பது ஐம்பது என்று எழுதிவைப்பவருக்கு எப்போதும் 0.25 கிடைக்கும், அதைவிட மோசமாக வாங்குபவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் லாபம்.

சித்தி மகனுக்குக் கடிதம் ஏப்ரல் 3 அன்று வந்தது. ‘வந்துதானே விட்டது, மூன்று நாளில் என்ன இருக்கிறது?’ என்று வீட்டில் எல்லோரும் ‘ஸ்டார்’ பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நோட்டில் மார்ச் 31 என்று எழுதியிருந்ததால் தீர்ப்பு ‘இல்லை’. முதல் கட்டத்துக்கு 0.4-இன் வர்க்கம் 0.16, கார்டின் கட்டத்துக்கு 0.65-இன் வர்க்கம் 0.42, நினைவூட்டலின் கட்டத்துக்கு 0.3-இன் வர்க்கம் 0.09. ஒரு கேள்வியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாற்பது, ஐம்பது கேள்விகள் சேர்ந்த பிறகு மூன்று கட்டங்களின் சராசரியையும் தனித்தனியே எடுங்கள். கார்டின் கட்டத்துச் சராசரி முதல் கட்டத்துச் சராசரியைவிடத் தொடர்ந்து குறைவாக இருந்தால் கார்டு ஏதோ சேர்க்கிறது என்று யோசிக்க இடமுண்டு. கூடவே, 70 சதவீதம் என்று எழுதிய கேள்விகளை மட்டும் பொறுக்கி, பத்தில் ஏறத்தாழ ஏழு நடந்தனவா என்றும் பாருங்கள். ஒன்பது நடந்திருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் தயங்குகிறீர்கள், நான்குதான் நடந்திருந்தால் துணிச்சல் அதிகம்.

ஏன் அத்தனை கேள்விகள் என்றால், சிறிய எண்ணிக்கை ஏமாற்றும். நாணயம் சுண்டியே ஆம்/இல்லை சொல்பவரும் 20 கேள்விகளில் 14 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்லிவிட 17-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இருபது பேர் இப்படிச் சுண்டினால் அவர்களில் ஒருவராவது அந்த அளவை எட்டும் வாய்ப்பு 70 சதவீதத்தை ஒட்டி வரும். அந்த ஒருவரின் பெயர்தான் நம் காதுக்கு வருகிறது, மற்ற பத்தொன்பது பேர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

குணத்தைச் சொல்லும் பலன்களுக்கு

‘வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் தயக்கம் உள்ளவர் நீங்கள்’ என்பது போன்ற பலனுக்குத் தேதியும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு, அவரவருக்கென்றே தயாரித்ததாகச் சொல்லி ஒரு குணவிவரக் குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு. அதன் வாக்கியங்களைக் கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். கேட்டவர் கண்கலங்கி ‘அப்படியே சொல்லிவிட்டீர்கள்’ என்றாலும் அதைச் சான்றாக நோட்டில் ஏற்றக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இத்தகைய பலன்களைச் சோதிக்க வேறு வழி உண்டு. ஐந்து நண்பர்களுக்குத் தனித்தனியே கார்டு பார்த்து, பலனைப் பெயரில்லாமல், ஆண் பெண் என்பதும் வயதும் தொழிலும் தெரியாதபடி எழுதுங்கள். ஐந்து தாள்களையும் ஐந்து பேரிடமும் கொடுத்து, தன்னுடையது எது என்று ஒருவரையொருவர் கலக்காமல் பொறுக்கச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் பொறுக்கினாலும் சராசரியாக ஒருவர் சரியாக எடுத்துவிடுவார். மூன்று பேரோ அதற்கு மேலோ சரியாக எடுக்கும் வாய்ப்பு 6 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. மூன்று வந்தால் மகிழ்ச்சியோடு வேறு ஐந்து பேரை வைத்து மறுபடி செய்யுங்கள்.

‘தெளிவுக்காக இன்னொன்று’

கடைசியாக, நோட்டையே கெடுத்துவிடும் ஒரு பழக்கம். வந்த கார்டு பிடிக்கவில்லை என்றால் ‘தெளிவுக்காக இன்னொரு கார்டு’ என்று எடுப்பது பரவலான வழக்கம். கட்டில் பாதி, அதாவது 39 கார்டுகள், நீங்கள் விரும்பும் பதிலுக்குச் சாதகமானவை என்று வைத்துக்கொண்டால், முதல் கார்டு சாதகமாக வர 50 சதவீதம். மூன்று வரை எடுக்கலாம் என்று அனுமதித்துக்கொண்டால் சாதகமான கார்டு ஒன்றாவது வந்துவிட 88 சதவீதம். தெளிவு கார்டு வேண்டுமென்றால் எத்தனை எடுக்கலாம் என்பதைக் கலைப்பதற்கு முன்பே கேள்விக்குப் பக்கத்தில் எழுதி, அதை எந்த நிலையிலும் எடுத்தே தீருங்கள், முதல் மூன்று கார்டுகள் எவ்வளவு இனிப்பாக வந்திருந்தாலும்.